நோட்டுப் புத்தகம் அதேதான், நடுவர் அவர்களே

நடுவர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு முன்னால் பேசி, அரங்கத்தில் இருந்த கைதட்டலை எல்லாம் மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விட்ட எதிரணியினருக்கும் வணக்கம். மிச்சம் மீதி கொஞ்சம் கையில் வைத்திருக்கிற அவையோருக்குக் கூடுதலாக இன்னொரு வணக்கம்.

தலைப்பை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். தாமதமாக வந்து பின்வரிசையில் உட்கார்ந்த அண்ணன் பக்கத்திலிருப்பவரிடம் "யாருப்பா அந்த மொரியாசு?" என்று கேட்டது இங்கே மேடைவரை கேட்டது. ஜப்பான் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஹாஜிமே மொரியாசு. அவருக்கு இணையத்தில் கிடைத்த புகழ் பலமா, பாரமா? பலம் என்று அவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். பாரம் என்று பேச நான் வந்திருக்கிறேன்.

எதிரணியில் மூன்று பேரும் சொன்னதைச் சுருக்கிவிடலாம். அக்கா ஒரு புகைப்படத்தைக் காட்டினார். 2022 உலகக் கோப்பையில் குரோஷியாவிடம் தோற்ற பிறகு மொரியாசு ரசிகர்களைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்து வணங்கி நின்ற படம். உலகம் முழுவதும் சுற்றி வந்தது, கால்பந்தே தெரியாதவர்கள்கூட அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள் என்றார். தம்பி அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் பற்றிப் பேசினார். ஜெர்மனியை வென்ற இரவில் அந்த நோட்டுக்கு எத்தனை மீம், அந்த அலைதான் அவருக்கு ஒப்பந்த நீட்டிப்பு வாங்கித் தந்தது என்றார். மூன்றாவதாகப் பேசிய ஐயா, முன்னாள் ஜப்பான் ஆட்டக்காரர் ஹோண்டாவை இழுத்து வந்தார். அவரிடம் கடைசியில் வருகிறேன் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடுவோம். 1968இல் ஷிசுவோகா மாகாணத்தின் கக்கெகவாவில் பிறந்தவர். வளர்ந்தது நாகசாகி. மஸ்தா நிறுவனத்தின் அணியில் சேர்ந்தார். அந்த அணிதான் பிறகு சான்ஃபிரெச்சே ஹிரோஷிமா ஆனது. ஆடியது நடுக்களத்தில், தடுப்பாட்டக்காரர்களுக்குக் கொஞ்சம் முன்னால் நின்று எதிரியின் பந்தைப் பறித்துப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கிற வேலை. கல்யாண வீட்டில் பந்தி பார்க்கிறவர் மாதிரி. அவர் இல்லாவிட்டால் எல்லாம் குழம்பும், ஆனால் ஆல்பத்தில் ஒரு படத்திலும் இருக்க மாட்டார். தேசிய அணிக்கு 35 ஆட்டம், ஒரே ஒரு கோல். இன்றைக்கு அவர் ஆட்டக்காரராக இருந்திருந்தால் ரீல்ஸ் போட அந்த ஒரு கோல்தான்.

அவருக்கு ஜப்பானில் 'போயிச்சி' என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. அவர் பெயர் ஜப்பானிய எழுத்தில் மூன்றே எழுத்து. முதல் இரண்டும் சேர்ந்து மொரியாசு என்ற குடும்பப் பெயர், கடைசி எழுத்து ஹாஜிமே. தெரியாதவர்கள் முதல் எழுத்தை மட்டும் தனியாக வெட்டி, மற்ற இரண்டையும் சேர்த்து வாசித்ததில் வந்ததுதான் அந்தப் பெயர். தேசிய அணிக்குள் நுழைகிறபோது பெயரைக்கூடச் சரியாகப் படிக்கத் தெரியாத அளவுக்குத் தெரியாத ஆள். அப்படிப்பட்டவரைத்தான் இணையம் பிறகு தோளில் தூக்கிக்கொண்டது. தூக்கியதை நான் மறுக்கவில்லை நடுவர் அவர்களே. எத்தனை நாள் தூக்கியது, எங்கே இறக்கியது, மெதுவாக இறக்கியதா பொத்தென்று போட்டதா என்று மட்டும் கேட்கிறேன்.

2021க்கு வாருங்கள். எதிரணி 2022 நவம்பரில்தான் கதையைத் தொடங்கியது. இடைவேளைக்குப் பிறகு தியேட்டருக்குள் வந்து கதை சொல்கிறவர்கள் மாதிரி.

அந்த ஆண்டு செப்டம்பர் 2. உலகக் கோப்பைக்கான ஆசியக் கடைசிச் சுற்று, முதல் ஆட்டம், ஒசாகா பக்கத்தில் சுயிட்டா மைதானம். எதிரே ஓமன். சொந்த மண்ணில் ஜப்பான் 0-1 என்று தோற்றது. அடுத்து சீனாவை 1-0 என்று எப்படியோ தாண்டினார்கள். அக்டோபர் 7, ஜித்தா, சவூதி அரேபியா; மறுபடியும் 0-1. மூன்று ஆட்டம், மூன்றே புள்ளி. அன்றிரவு ட்விட்டரில் ஜப்பானிய மொழியில் ஒரு ஹேஷ்டேக் மேலே ஏறியது. "மொரியாசுவை நீக்கு." அவருக்கு இணையத்தில் கிடைத்த முதல் பெரிய புகழ் அதுதான் அக்கா. உங்கள் பட்டியலில் அதை விட்டுவிட்டீர்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, நிதானமாகக் கேளுங்கள். அந்தச் சுற்றில் ஜப்பான் வெளிநாட்டில் ஆடிய ஆட்டங்கள் எதுவும் சாதாரணத் தொலைக்காட்சியில் வரவில்லை. டாசோன் என்ற கட்டண இணையச் சேவையில் மட்டும்தான். ஜித்தா ஆட்டம் அப்படித்தான். பணம் கட்டியவர் பார்த்தார். கட்டாதவர் காலையில் எழுந்து ஸ்கோரைப் பார்த்தார், அப்புறம் டிரெண்டிங்கைப் பார்த்தார். தொண்ணூறு நிமிட ஆட்டம் அவருக்கு எப்படி வந்து சேர்ந்தது? "0-1, ஆளை மாற்று" என்று இரண்டு சொல்லாக வந்து சேர்ந்தது. சமைத்ததை ருசி பார்க்காமல், வாசலில் நின்றவர் முகத்தைப் பார்த்தே சாப்பாட்டுக்கு மார்க் போட்டது போல.

சரி, ஜப்பான் கால்பந்துச் சங்கம் என்ன செய்தது? நீக்கவில்லை. ஐந்தே நாள் கழித்து, அக்டோபர் 12, சைட்டாமாவில் ஆஸ்திரேலியாவுடன் ஆட்டம். மொரியாசு வழக்கமான வியூகத்தை மாற்றினார். நடுக்களத்தில் எண்டோ, மொரிட்டா, தனாக்கா என்று மூன்று பேரை நிறுத்தினார். ஆவோ தனாக்கா எட்டாவது நிமிடத்தில் கோல் அடித்தார். ஆட்டம் 2-1. அதிலிருந்து தொடர்ந்து ஆறு வெற்றி. 2022 மார்ச் 24 சிட்னியில், கடைசி நேரத்தில் களமிறங்கிய மிட்டோமா இரண்டு கோல் போட, ஜப்பான் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அந்த சிட்னி ஆட்டமும் கட்டணச் சேவையில்தான். திட்டுவதற்குக் காரணமான ஆட்டத்தையும் பலர் பார்க்கவில்லை, மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆட்டத்தையும் பார்க்கவில்லை.

இணையப் புகழ் பலம் என்கிறீர்களே, அந்த அக்டோபரில் அந்தப் பலம் எங்கே போயிருந்தது? சங்கம் இணையத்தின் பேச்சைக் கேட்டிருந்தால், நீங்கள் இன்றைக்குக் காட்டிய வணக்கப் படத்தில் நிற்பதற்கு ஆளே இருந்திருக்க மாட்டார். வேறு யாராவது குனிந்திருப்பார், அல்லது உலகக் கோப்பை நடந்த கத்தாருக்கே போயிருக்க மாட்டார்கள்.

இப்போது தம்பியின் நோட்டுக்கு வருகிறேன். எனக்கு இந்த வழக்கில் ரொம்பப் பிடித்த சாட்சி அந்த நோட்டுதான்.

மொரியாசு மைதானத்தின் ஓரத்தில் நின்று ஆட்டத்தைப் பார்த்தபடியே ஒரு சின்ன நோட்டில் குறிப்பு எழுதுவார். ஜெர்மனி ஆட்டத்துக்காகப் புதிதாகக் கடையில் வாங்கியது இல்லை, தம்பி. பல காலப் பழக்கம். ஓமனிடம் தோற்ற காலத்திலும் எழுதிக்கொண்டுதான் இருந்தார். அப்போது இணையம் என்ன சொன்னது? "மைதானத்தில் ஆட்டம் போய்க்கொண்டிருக்கிறது, இவர் குனிந்து எழுதிக்கொண்டே இருக்கிறார்." ஆள் மாற்ற வேண்டிய நேரத்தில் கதை எழுதுகிறார் என்று கேலி. மளிகைக் கடைக் கணக்கா என்று நம்மூராக இருந்தால் கேட்டிருப்பார்கள்.

2022 நவம்பர் 23, கத்தாரின் கலிஃபா மைதானம். முதல் பாதி முழுக்க ஜெர்மனி கையில் ஆட்டம். குண்டோவான் பெனால்டியில் ஒன்று போட்டுவிட்டார். அந்த இடைவேளையில் இணையத்தில் என்ன ஓடியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இடைவேளை முடிந்து வரும்போது மொரியாசு குபோவை உட்காரவைத்து, தொமியாசுவை இறக்கினார். பின்னால் நான்கு பேர் நின்ற இடத்தில் மூன்று பேர். பிறகு ஒவ்வொருவராக மிட்டோமா, அசானோ, தோஆன், மினாமினோ. தற்காப்பை ஒழுங்கு செய்துவிட்டு, தாக்குதலுக்கு ஆளைக் கூட்டிக்கொண்டே போனார். 75ஆவது நிமிடம் மாற்று வீரர் தோஆன் கோல். 83ஆவது நிமிடம் மாற்று வீரர் அசானோ கோல். 2-1.

அன்றிரவு அதே நோட்டு மந்திர நோட்டு ஆகிவிட்டது! அதில் எதை எழுதினாலும் நடந்துவிடும் என்று படம் போட்டார்கள். அதே மனிதர், அதே பேனா, அதே நோட்டு. நம்மூரில் மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். அங்கே குடத்தை உடைத்தது இரண்டு பேர். இங்கே ஒரே ஆள். தோற்றால் மண்குடம், வென்றால் பொன்குடம். இதற்குப் பெயர் புகழ் என்றால், ஸ்கோர்போர்டில் எண்ணை மாற்றுகிற எந்திரத்துக்கும் புகழ் இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

ஜப்பானியர்கள் நேர்மையானவர்கள், இதற்கு அவர்களே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். 'தெனோஹிரா காஎஷி'. உள்ளங்கையைத் திருப்புவது என்று பொருள். நேற்று இப்படி இருந்த கை இன்று அப்படி. ஜெர்மனியை வென்ற இரவில் "மொரியாசு, மன்னித்துவிடுங்கள்" என்று எழுதியவர்கள் ஏராளம். தங்கள் உள்ளங்கை டிரில் மிஷின் மாதிரி சுழல்கிறது என்று தங்களையே கிண்டல் செய்துகொண்டார்கள். கிண்டலை ரசிக்கலாம். ஆனால் சுழல்கிற டிரில்லுக்கு அடியில் இருக்கிற சுவரைக் கேட்டால் அது வேறு மாதிரி சொல்லும்.

அந்த மன்னிப்பு எத்தனை நாள் தாங்கியது தெரியுமா? நான்கு நாள். நவம்பர் 27, கோஸ்டாரிகா. மொரியாசு முதல் பதினொருவரில் ஐந்து பேரை மாற்றினார். குறுகிய இடைவெளியில் மூன்று ஆட்டம் ஆட வேண்டும், மூன்றாவது ஸ்பெயின். கால்களைக் காப்பாற்ற வேண்டும். கோஸ்டாரிகாவின் ஃபுல்லர் 81ஆவது நிமிடத்தில் ஒரு கோல் போட்டார், ஜப்பான் 0-1. மந்திர நோட்டு மறுபடி மளிகை நோட்டு ஆனது. ஏன் ஐந்து பேரை மாற்றினாய் என்று கேள்வி.

டிசம்பர் 1, ஸ்பெயின். பந்து ஸ்பெயினிடமே கிடந்தது, ஜப்பானிடம் இருந்தது ஐந்தில் ஒரு பங்கு நேரம்கூட இல்லை. இடைவேளைக்குப் பின் தோஆன் ஒன்று. மூன்று நிமிடத்தில் தனாக்கா ஒன்று. அந்த இரண்டாவது கோலுக்கு முன்னால் கோட்டைத் தாண்டிவிட்டதாகத் தோன்றிய பந்தை மிட்டோமா உள்ளே இழுத்துக் கொடுத்தார். மில்லிமீட்டர் கணக்கில் பந்தின் ஓரம் கோட்டின் மேல் இருந்தது என்று வீடியோ நடுவர் கோலை அனுமதித்தார். அந்த மில்லிமீட்டர் அந்தப் பக்கம் போயிருந்தால், மொரியாசு இன்றைக்கு இந்தத் தலைப்பிலேயே இருந்திருக்க மாட்டார். நாம் வழக்கம்போலக் கணவனா மனைவியா என்று பேசிக்கொண்டிருப்போம்.

டிசம்பர் 5, குரோஷியா. 1-1, பிறகு பெனால்டி. குரோஷியா கோல்கீப்பர் லிவாக்கோவிச் மூன்றைத் தடுத்தார், ஜப்பான் வெளியே. அப்போதுதான் அந்த வணக்கம்.

நவம்பர் 23 முதல் டிசம்பர் 5 வரை எண்ணிப் பாருங்கள், பதின்மூன்று நாள். மேதை, முட்டாள், மறுபடி மேதை, கடைசியில் மகான். ஒரு மனிதனுக்கு பதின்மூன்று நாளில் நான்கு பட்டம் கொடுக்கிற பல்கலைக்கழகத்தை நான் பார்த்ததில்லை. கொடுத்தாலும் அந்தப் பட்டத்தை வைத்து எங்கேயும் வேலைக்குப் போக முடியாது.

அக்கா, அந்தப் படத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கும் அது பிடித்த படம்தான், மறைக்கவில்லை. ஆனால் ஜப்பானில் ஆட்டம் முடிந்ததும் அணி மொத்தமும் மைதானத்தின் ஓரத்துக்கு வந்து ரசிகர்களை வணங்குவது வழக்கம். வென்றாலும் வணக்கம், தோற்றாலும் வணக்கம். உடை மாற்றும் அறையைத் துடைத்து வைத்துவிட்டுப் போவதும் அப்படித்தான். ஜெர்மனி ஆட்டத்துக்குப் பிறகு அந்த அறையில் காகிதக் கொக்குகளும் அரபியிலும் ஜப்பானிய மொழியிலும் ஒரு நன்றிக் குறிப்பும் வைத்திருந்தார்கள். 2018இல் ரஷ்யாவின் ரொஸ்தோவில் பெல்ஜியத்திடம் 2-0 என்று முன்னிலையில் இருந்து 2-3 என்று தோற்று அழுத இரவிலும் அறையைச் சுத்தம் செய்து, ரஷ்ய மொழியில் நன்றி எழுதி வைத்தார்கள். அன்று மொரியாசு உதவிப் பயிற்சியாளர். அவர் தினமும் செய்கிற காரியத்தை உலகம் ஒருநாள் கேமரா கோணம் நன்றாக அமைந்ததால் பார்த்தது. பார்த்ததைப் பாராட்டுவோம். ஆனால் அந்தப் பாராட்டு அவர் முதுகெலும்புக்குக் கிடைத்தது, மூளைக்குக் கிடைக்கவில்லை. பணிவான நல்ல மனிதர் என்று ஊரே சொன்னது. இடைவேளையில் ஐந்தே நிமிடத்தில் ஒரு அணியின் எலும்புக்கூட்டையே மாற்றி ஜெர்மனியைக் குழப்பிய கெட்டிக்காரர் என்று எத்தனை பேர் பகிர்ந்தார்கள்? அழகான பெண்ணைப் பார்த்து "நல்லாச் சமைப்பீங்களாமே" என்று சொல்லிவிட்டு வருகிற மாதிரி. (அக்கா முறைக்கிறார். உதாரணத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.)

ஒப்பந்தத்தை இணைய அலை வாங்கித் தந்தது என்றீர்கள், தம்பி. 2022 டிசம்பர் 28 அன்று ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. ஒரு உலகக் கோப்பை முடிந்து அடுத்ததற்கும் அதே பயிற்சியாளர் தொடர்வது ஜப்பானில் அதுதான் முதல் முறை. உண்மைதான். ஆனால் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் ஒரே பிரிவில் வைத்து வென்று முதலிடம் பிடித்தவருக்கு நீட்டிப்புக் கொடுக்க மீம் எதற்கு? ஹிரோஷிமாவின் பயிற்சியாளராக வந்த முதல் ஆண்டே, 2012இல், ஜப்பானின் முதல்நிலைப் போட்டியான ஜே லீக் பட்டம். 2013இல் மறுபடியும். 2015இல் மூன்றாவது. அதே ஹிரோஷிமாவில் 2017இல் அணி அடிமட்டத்தில் தத்தளித்தபோது பாதியில் பதவி விலகவும் செய்தார். ஏற்றமும் இறக்கமும் அவர் மைதானத்தில் பார்த்ததுதான். அந்த இறக்கத்தில் கற்றதற்கு யாரும் லைக் போடவில்லை.

எங்கள் அணி ஏன் பாரம் என்கிறது என்று இப்போது சொல்கிறேன். எதிரணி நினைப்பது, இணையப் புகழ் வங்கியில் போட்ட பணம். கஷ்ட காலத்தில் எடுத்துச் செலவழிக்கலாம். நான் சொல்கிறேன், அது மீட்டர் வட்டிக் கடன். நீங்கள் கேட்காமலே வாசலில் வந்து கொடுப்பார்கள். சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். நான்காம் நாள் வந்து வட்டியோடு கேட்பார்கள். அதுவும் கடன் வாங்கினவரிடம் மட்டும் கேட்க மாட்டார்கள், வீட்டில் இருக்கிற பிள்ளையிடமும் கேட்பார்கள்.

பிள்ளை என்று நான் சொல்வது கோல்கீப்பர் ஸியோன் சுசுகியை. இந்த இடத்தில் சிரிக்க வைக்க மாட்டேன், மன்னியுங்கள்.

2024 ஜனவரி, ஆசியக் கோப்பை, மறுபடியும் கத்தார். அதற்கு முன் 2023 செப்டம்பரில் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க்கிலேயே போய் ஜெர்மனியை 4-1 என்று அடித்திருந்தார்கள். மறுநாளே ஜெர்மனி தன் பயிற்சியாளர் ஹான்ஸி ஃப்ளிக்கைப் பதவியிலிருந்து நீக்கியது. மொரியாசுவின் புகழ் உச்சத்தில் இருந்தது. ஆசியக் கோப்பை கைக்கு வந்துவிட்டது என்ற நினைப்பு. அப்படி இருக்கும்போது பிரிவு ஆட்டத்தில் ஈராக்கிடம் 1-2 என்று தோல்வி. சுசுகிக்கு அப்போது 21 வயது. அவருடைய தந்தை கானா வம்சாவளி. அந்தத் தோல்விக்குப் பிறகு அந்தப் பையனின் சமூக வலைத்தளப் பக்கத்தில் அவருடைய தோலின் நிறத்தைச் சொல்லி வசைகள் வந்து குவிந்தன. அவரே பத்திரிகையாளர்களிடம் அதைச் சொல்லி நிறுத்தச் சொன்னார். அணியைத் தூக்கிப் பேசிய அதே இணையத்தில்தான், அதே குழாயில்தான், அந்தச் சாக்கடையும் வந்தது. காவிரி வருகிற குழாயில் சாக்கடை வந்தால் நாம் குழாயைக் கும்பிட மாட்டோம்.

மொரியாசு என்ன செய்தார்? அடுத்த ஆட்டத்தில் அதே பையனை நிறுத்தினார். அதற்கடுத்த ஆட்டத்திலும். அந்தத் தொடரில் ஜப்பான் ஆடிய ஐந்து ஆட்டத்திலும் கோலுக்கு முன்னால் சுசுகிதான் நின்றார். காலிறுதியில் ஈரானிடம் கடைசி நேரப் பெனால்டியில் 1-2 என்று தோற்று வெளியே வந்தார்கள். நீக்கு என்ற கூச்சல் மறுபடி. அந்தப் பையன் இன்றும் ஜப்பானின் முதல் கோல்கீப்பர் வரிசையில் இருக்கிறார். ஆளைத் தேர்வு செய்வதற்கு இணையத்தைக் கேட்கிற பயிற்சியாளராக மொரியாசு இருந்திருந்தால் அது நடந்திருக்காது. ஒரு பயிற்சியாளர் தன் பலத்தில் பாதியை ஒரு இரைச்சலைக் கேட்காமல் இருப்பதற்கே செலவழிக்க வேண்டியிருக்கிறது என்றால், அந்த இரைச்சலுக்குப் பலம் என்று எப்படிப் பெயர் வைப்பது?

இப்போது ஹோண்டா. ஐயா, வந்துவிட்டேன். கெய்சுகே ஹோண்டா பெரிய ஆட்டக்காரர், மூன்று உலகக் கோப்பையில் கோல் போட்டவர். இணையத்தில் மொரியாசுவைவிட நூறு மடங்கு கலகலப்பானவர். 2019இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ட்விட்டரிலேயே "பணம் வேண்டாம், எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்" என்ற பொருளில் எழுதிப் போட்டவர். எனக்குப் பிடித்த தைரியம் அது. 2022 உலகக் கோப்பையின் 64 ஆட்டத்தையும் அபேமா என்ற ஜப்பானிய ஒளிபரப்புச் சேவை இலவசமாக இணையத்தில் காட்டியபோது, ஹோண்டாவின் வர்ணனைதான் ஊர்ப் பேச்சு. 2018 முதல் கம்போடியா அணியை வழிநடத்தியவரும் அவர்தான். அவரால் கம்போடியக் கால்பந்தின் மேல் வெளிச்சம் விழுந்தது என்றீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளிச்சம் கோல் போடுமா ஐயா? 2023இல் சொந்த ஊரான புனோம் பென்னில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது கம்போடியா அரையிறுதிக்குப் போகவில்லை. அது ஹோண்டாவின் குற்றம் என்று சொல்ல மாட்டேன், அந்த அணியின் பலம் அவ்வளவுதான். பின்தொடர்கிறவர்கள் எண்ணிக்கையை வைத்து ஒரு தடுப்பாட்டக்காரரை உருவாக்க முடியாது. ஹோண்டா உங்கள் சாட்சி என்று நினைத்துக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள், கூண்டில் ஏறி எங்கள் பக்கம் பேசுகிறார்.

நடுவர் மணியில் கை வைக்கிறார். ஒரே ஒரு விஷயம், நடுவர் அவர்களே. அதைச் சொல்லாமல் மொரியாசுவைப் பற்றிப் பேசினதாக ஆகாது.

1993 அக்டோபர் 28. அதே கத்தாரின் தலைநகர் தோஹா. ஜப்பான் முதல் முறையாக உலகக் கோப்பைக்குப் போக ஒரே ஒரு வெற்றி தேவை. எதிரே ஈராக். 2-1 என்று ஜப்பான் முன்னிலை. ஜப்பானில் நள்ளிரவு, டிவி டோக்கியோவில் நேரலை, பார்வையாளர் விகிதம் 48.1 சதவீதம். தொண்ணூறு நிமிடம் முடிகிற நேரத்தில் ஈராக்குக்கு ஒரு கார்னர். நேராக உள்ளே அடிக்காமல் பக்கத்தில் தட்டிவிட்டு, அப்புறம் உள்ளே தூக்கிப் போட்டார்கள். தலையால் ஒரு முட்டு, கோல். 2-2. கோல் வித்தியாசத்தில் தென்கொரியா முந்திக்கொண்டு, உலகக் கோப்பை நடக்கவிருந்த அமெரிக்காவுக்குப் போனது. மைதானத்தில் அப்படியே சரிந்து உட்கார்ந்த நீலச் சட்டைக்காரர்களில் 25 வயது மொரியாசுவும் ஒருவர். 'தோஹா சோகம்' என்று இன்றைக்கும் ஜப்பானில் அந்த இரவுக்குப் பெயர்.

அன்றைக்கு ட்விட்டர் இல்லை, ஹேஷ்டேக் இல்லை, மீம் இல்லை. அவரை யாரும் டிரெண்ட் செய்து திட்டவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனாலும் அந்த ஒரு நிமிடத்தை அவர் 29 ஆண்டு சுமந்தார். ஸ்பெயினை வென்ற ஆட்டம் முடிந்ததும் அவரே சொன்னார்: கடைசி ஒரு நிமிடத்தில் தோஹா நினைவுக்கு வந்ததாம். அந்த நேரத்தில் தன் பையன்கள் பின்வாங்கிப் பதுங்காமல் முன்னால் போய்ப் பந்தைப் பறிக்கப் பாய்ந்ததைப் பார்த்தபோது, காலம் மாறிவிட்டது என்று தோன்றியதாம். அவரைச் செதுக்கியது அந்த நினைவு. இணையத்தின் நினைவுக்கு ஆயுசு நான்கு நாள். அந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்கச் சொல்கிறீர்கள்.

2025 அக்டோபர் 14, டோக்கியோவில் பிரேசிலிடம் 0-2 என்று பின்தங்கி, இடைவேளைக்குப் பின் மூன்று கோல் போட்டு 3-2 என்று வென்றார்கள். பிரேசிலை ஜப்பான் வென்றது சரித்திரத்திலேயே அதுதான் முதல் முறை. அதற்கு முந்தின மாதம்தான் அமெரிக்காவிடம் 0-2 என்று தோற்று, பழைய பல்லவி கேட்டது. பிரேசில் இரவில் உள்ளங்கை எந்தப் பக்கம் திரும்பியது என்று நான் சொல்ல வேண்டுமா? மொரியாசு வழக்கம்போல நோட்டை மடித்து வைத்துக்கொண்டு, ரசிகர்களை வணங்கிவிட்டுப் போயிருப்பார்.

இதோ, மணி அடித்தாயிற்று. உட்கார்ந்துவிடுகிறேன் நடுவர் அவர்களே. நான் பேசும்போது நீங்கள் தலையாட்டியதை எதிரணியும் பார்த்தது, அவையும் பார்த்தது. தீர்ப்பு உங்கள் கையில் இருக்கிறது. எழுந்து பேசும்போது அந்த உள்ளங்கையை மட்டும் திருப்பிவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.